பெல்லாவின் மஞ்சள் வட்டங்கள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, பிளாஸ்டிக் மக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் முழுக்க ஒரு நாயின் பின்னால் அலைந்தேன். நாய் எங்களுடையது அல்ல. புல்தரை எங்களுடையது அல்ல. ஊரும் எங்களுடையது அல்ல. மக் மட்டும்தான் எங்களுடையது. ஜெர்மனியில் அது கிடைக்காது என்று யாரோ சொல்லக் கேட்டு, மெட்ராஸிலிருந்து புறப்படும்போது அம்மா அதைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா கார்ல்ஸ்ரூஹேவில், பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஸ்காலர்ஷிப்பில் இருந்தார். டிராம் வண்டி கடைசியாகத் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அந்த மாடி கிடைப்பதற்கு முன் அப்பா ஏறி இறங்காத படி இல்லை. போனில் 'வந்து பாருங்கள்' என்பார்கள். கதவைத் திறந்து முகத்தைப் பார்த்ததும் 'இப்போதுதான் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம்' என்பார்கள். இந்த வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: குழந்தை புல்லில் ஓடுமா? பொய்யே சொல்லத் தெரியாதவர் என்று அம்மா ஊரெல்லாம் பெருமை பேசும் என் அப்பா, ஓடாது என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கோ கால் ஓர் இடத்தில் நிற்காது. சாப்பிடும்போது நாற்காலி ஆடும், படிக்கும்போது மேஜை ஆடும். 'கொஞ்ச நேரம் சும்மா இருடி' என்பதுதான் அம்மா என்னிடம் தினமும் அதிகம் பேசிய வாக்கியம். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை ஜெர்மானியர்களுக்கு ஓய்வு நேரம், சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கூடாது. கடுகு தாளிக்கும்போது அம்மா வாணலிமேல் தட்டைப் போட்டு, அந்தத் தட்டின்மேல் துணியைப் போட்டு, வெடிக்கிற கடுகையே வாயை மூடச் சொல்வாள். வீடு போய்விடக் கூடாது. எங்கள் குடும்பத்தின் ஒரே பிரார்த்தனை அதுதான்.

வீட்டுக்காரர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தில் விட முடியாத ஒழுங்கையெல்லாம் புல்தரையில் விட்டிருந்தார். நூல் கட்டி ஓரம் வெட்டுவார். வெட்டியபின் முட்டிபோட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து மட்டம் பார்ப்பார். வீட்டுக்காரம்மா நேர் எதிர். பருத்த உடம்பு, எதற்கும் சிரிப்பு. என்னை 'மேடிலே' என்று கூப்பிடுவார். சின்னப் பெண்ணே என்று அந்தப் பக்கத்துப் பேச்சில் அர்த்தம். அவருக்கு இடுப்பில் வலி, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் வீட்டுக்காரர் அவரைக் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். வலி போக இடுப்பில் கதிர் பாய்ச்சுகிறார்கள், இலையுதிர் காலத்துக்குள் நடனமே ஆடுவேன் பார் என்று வீட்டுக்காரம்மா எங்களிடம் சொல்லியிருந்தார்.

பெல்லா அவருடைய நாய். நீள உடம்பு, குட்டைக் கால், எப்போதும் ஏதோ கேட்பதற்கு வந்த மாதிரி ஒரு முகம். வீட்டுக்காரம்மா நடக்கும் காலத்தில் அதைக் கயிற்றில் கட்டி டிராம் பாதை வரை கூட்டிப் போவார். இப்போது முடியாததால் தோட்டத்துக்குள்ளேயே திறந்து விட்டார்கள். பெல்லா பெண் நாய். காலைத் தூக்கி மரத்தோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் அதற்குக் கிடையாது. புல்லின் நட்ட நடுவில் உட்கார்ந்து, நிதானமாக, ஒரே இடத்தில் விடும். மூன்று நாளில் அங்கே தோசை அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் வந்துவிடும்.

ஜூன் மாதம் பிறந்த அன்று வீட்டுக்காரர் மாடிப்படியில் எங்களை நிறுத்தி அறிவித்தார். மாதக் கடைசி வரை பார்ப்பார். அதற்குள் புதிதாக வட்டம் வராவிட்டால் சரி. வந்தால், கடைசி ஞாயிறன்று அவருடைய தங்கை கறுப்புக் காடு என்கிற மலைப்பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்து பெல்லாவைக் கொண்டுபோய்விடுவார். உள்ளே வீட்டுக்காரம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அந்தத் தெருவில் நான் கூப்பிட்டால் ஓடி வரும் ஒரே உயிர் பெல்லா. என் நிறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளாத ஒரே உயிரும் அதுதான்.

வீட்டுக்காரம்மா தன் பங்குக்கு நாய்ச் சோற்றில் தக்காளிச் சாறு கலந்தார். யாரோ சொன்ன கைவைத்தியம். பெல்லாவின் மீசை சிவந்ததைத் தவிர வேறு பலன் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் காகிதம் எடுத்துப் படம் போட்டு விளக்கினார். மூத்திரத்தில் யூரியா இருக்கிறது, அது உரம்தான், ஆனால் ஒரே இடத்தில் அளவுக்கு மீறி விழுந்தால் புல் கருகும். ஓரத்தில் குறைவாகப் படுகிற இடத்தில் அதுவே உரமாகி, கரும்பச்சையாக ஒரு வளையம் வரும். தடுக்க ஒரே வழி, உடனே அந்த இடத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுவது. அடுப்படியில் இருந்த அம்மா இதைக் கேட்டுச் சிரித்தாள்.

"ஒண்ணுக்குப் போனா தண்ணி ஊத்தணும். இதைச் சொல்ல கெமிஸ்ட்ரில டாக்டர் பட்டம் வேற வேணுமாக்கும்!"

குளியலறையிலிருந்து மக்கை எடுத்து என் கையில் கொடுத்தவளும் அவள்தான்.

அன்றிலிருந்து என் பிழைப்பு அதுவானது. காலையில் பள்ளிக்கு முன், பள்ளி விட்டு வந்ததும், சாயங்காலம் இரண்டு முறை. பெல்லாவை நான்தான் வெளியே விடுவேன், நான் இல்லாதபோது விடவே கூடாது என்று வீட்டுக்காரம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் புல்லில் நடப்பேன். பெல்லா உட்கார்ந்ததும் பறப்பேன். ஒரு இடத்துக்கு மூன்று மக். ஈரம் பட்டதும் பெல்லா ஒரு மாதிரி என்னைத் திரும்பிப் பார்க்கும். வேலிக்கு அப்பால் போகிறவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். ஒரு வாரம் ஒரு புள்ளிகூட வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வாரம் வட்டம் வந்தது. துணி உலர்த்தும் கம்பத்தின் கீழே ஒன்று, வேலி ஓரமாக இரண்டு. வீட்டுக்காரர் ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய ஒரு குச்சியை நட்டார். நட்டபின் ஜன்னல் பக்கம் திரும்பி, மனைவிக்குத் தெரிகிற மாதிரி சற்று நேரம் நிற்பார். வீட்டுக்காரம்மா கோபமாகத் திரையை இழுத்துக்கொள்வார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் எங்கே தவறவிட்டேன்? தண்ணீர் போதவில்லையா? நான்கு மக் ஊற்றினேன், ஐந்து ஊற்றினேன். பள்ளியில் கணக்கு நடக்கும்போது பெல்லா உட்கார்ந்த இடங்களை நோட்டில் வரைந்தேன். அது உட்கார்ந்த இடமெல்லாம் பச்சையாகவே இருந்தது. உட்காராத இடத்தில்தான் மஞ்சள் வந்தது. இன்னொன்றும் கவனித்தேன், இந்தப் புது வட்டங்களின் ஓரத்தில் அப்பா சொன்ன கரும்பச்சை வளையம் இல்லை. அதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வேறு முடிவுக்கு வந்திருந்தேன். பெல்லா என்னை ஏமாற்றுகிறது, நான் பார்க்காதபோது எப்படியோ வெளியே போய் இந்த வேலையைச் செய்துவிட்டு வருகிறது. ஒன்பதாவது குச்சியைப் பார்த்த அன்று, ஆத்திரத்தில் மக்காலேயே அதன் முதுகில் அடித்தேன். அது கத்தவில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு என் காலுக்கே ஊர்ந்து வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை கூசுகிறது.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. அந்த ஊரில் வெயில் ஓர் அளவைத் தாண்டினால் பள்ளியை விட்டுவிடுவார்கள். மெட்ராஸ்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை இருக்க முடியாது. பத்தரை மணிக்கே வீட்டுக்கு ஓடி வந்தேன். வீட்டுக்காரரின் கார் இல்லை, வெள்ளிக்கிழமை ஆயிற்றே. பெல்லா உள்ளே கதவைப் பிராண்டிக்கொண்டிருந்தது. புல்தரையின் நடுவில், புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, கையில் பாத்திரமும் கரண்டியுமாக அம்மா நின்றிருந்தாள். குனிந்து புல்லைப் பார்ப்பாள், வெளுப்பாகத் தெரிந்த இடத்தில் ஒரு கரண்டி ஊற்றுவாள், நகர்வாள்.

"என்னம்மா பண்றே?"

"மோர்டி. புளிச்ச மோரு. நம்ம ஊர்ல கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்துவோமே, எப்படிக் கப்புனு தழைக்கும்! இந்தப் புல்லும் தழைச்சா உன் நாயை விட்டுடுவார் இல்ல? நீ தனியா எவ்வளவுதான் ஓடுவே."

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் இத்தாலியக்காரர் கடை வைத்திருந்தார். அந்தக் கோடையில் அங்கே பச்சை மிளகாய் வந்திருந்தது. அம்மா அதைப் பார்த்து அழாத குறை. கிலோக்கணக்கில் வாங்கி வந்து மோர்மிளகாய் போட ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்கு மட்டுமல்ல, பல்கலைக்கழகத்தில் இருந்த தமிழ்ப் பையன்கள் அத்தனை பேருக்கும். மிளகாயைக் கீறி, மோரில் ஊறவைத்து, மாடி ஜன்னலில் தட்டுத் தட்டாகக் காயவைப்பாள். ஆனால் ஜெர்மன் சூரியனை நம்பி மோர்மிளகாய் போட முடியுமா? இரண்டு நாள் காயும், மூன்று நாள் மூடிக்கொள்ளும். மோர் கெட்ட வாடை அடிக்கும். அதை வடித்துவிட்டுப் புது மோரில் போடவேண்டும். வடித்த மோரை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் கீழே ஆள் இல்லாத நேரம் பார்த்து, என் நாயைக் காப்பாற்றக் கரண்டியோடு இறங்கி வந்திருக்கிறாள்.

நான் பாத்திரத்தில் விரலை விட்டு நக்கினேன். நாக்கு சுருண்டது. மோர்மிளகாய்க்குப் போடுகிற உப்பு என்றால் சும்மாவா!

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னோம். அவர் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்தார். குச்சிகள் பதினொன்று நின்றன. பிறகு, "உப்பு. கறிவேப்பிலைக்கு உப்பில்லாத மோர் ஊத்துவா. நீ உப்பு மோரை ஊத்தியிருக்கே" என்று தன் ஆய்வுக்கூடத்தில் யாரோ செய்த தவறைப் படிப்பதுபோல் சொன்னார். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் கீழே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அவசரப்படாதே. அக்ரிமெண்ட்ல லானைப் பத்தி தனி பாராவே இருக்கு. நாம பண்ணினதுன்னு தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவார். தீசிஸ் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. எங்கே போறது?"

"அதுக்காக? வாயில்லாத ஜீவன் மேல பழியைப் போட்டுட்டு நாம மேல உட்கார்ந்து சாப்பிடறதா?" என்றாள் அம்மா.

"பண்ணைக்குத்தானே போகப்போறது. அங்கே ஓடிண்டு நிம்மதியா இருக்கும்."

அப்பா சொன்னது நியாயமாகவே இருந்தது. அதனாலேயே எனக்கு அவர்மேல் அடக்க முடியாத கோபம் வந்தது. எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கீழே வாசற்படியில் பெல்லாவின் கூடையும் கிண்ணமும் தயாராக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. உட்காரு என்று அன்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டுக்காரர் புல் வெட்டி முடித்தார். வீட்டுக்காரம்மா தோட்டத்து நாற்காலியில் பெல்லாவை மடியில் போட்டுக்கொண்டு, கணவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். தட்டில் கொஞ்சம் மோர்மிளகாய் எடுத்துக்கொண்டாள். "வா, நான் சொல்றதை அப்படியே சொல்லு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு படி இறங்கினாள். அம்மாவுக்கு ஜெர்மனில் காய்கறிப் பெயர்கள் மட்டும்தான் தெரியும். அப்பா தடுக்கவில்லை. நாலு படி விட்டுப் பின்னாலேயே இறங்கி வந்தார்.

அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஜெர்மனில் சொன்னேன். நாய் செய்யவில்லை. நான் செய்தேன். மோரில் உப்பு இருந்தது, நினைவில்லாமல் ஊற்றிவிட்டேன். புல் வளரட்டும் என்றுதான் ஊற்றினேன். "வேணும்னா வீட்டைக் காலி பண்ணிடறோம்னு சொல்லு" என்றாள் கடைசியாக. அதை நான் சொல்லவில்லை. எட்டு வயதிலும் எதை மொழிபெயர்க்க வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்காரம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், நாற்காலியே குலுங்கியது. பெல்லாவின் முன்னங்கால்களைப் பிடித்துக் கைதட்ட வைத்தார். "கேட்டீர்களா? என் பெல்லா குற்றவாளி இல்லை! எங்கேயும் போகப்போவதில்லை!" அம்மாவை இழுத்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அம்மா வெட்கத்தில் தட்டைச் சாய்த்துவிட, புல்லெல்லாம் மோர்மிளகாய்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மனைவியையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இதை நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று அம்மா கைகூப்பினாள். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீட்டுக்காரர் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம், கருவிகள் வைக்கும் கொட்டகைக்குப் போனார்.

சற்று நேரத்தில் பெல்லா மடியிலிருந்து குதித்து அந்தப் பக்கம் ஓடியது. நானும் ஓடினேன். கொட்டகைக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். குச்சிகள் மடியில் இருந்தன. முகத்தில் கை. தோள் குலுங்கியது. பெரியவர்கள் அழுது நான் பார்த்ததில்லை, அதிலும் மட்டம் பார்த்துப் புல் வெட்டுகிற ஒருவர். பெல்லாவைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். புல் போனதற்கா இந்த அழுகை என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஊருக்குத் திரும்பிப் பல வருஷங்கள் கழித்து, நான் கல்லூரியில் படிக்கும்போது, ஏதோ பேச்சில் அப்பா அதைச் சொன்னார். அந்த வருஷம் டிசம்பரில் வீட்டுக்காரம்மா இறந்துபோனார், அது எனக்குத் தெரியும். தெரியாதது, அது இடுப்பு வலியே அல்ல என்பது. புற்று எலும்பு வரை போய்விட்டதென்று வசந்த காலத்திலேயே டாக்டர் கணவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அங்கேயும் நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். கூடிய சீக்கிரம் அவரே மனைவியைக் குளிப்பாட்டித் தூக்கி வைக்கவேண்டி வரும், நாயை யார் பார்ப்பது? சாக்கு இல்லாமல் இப்போதே அனுப்பினால் மனைவி ஏன் என்று கேட்பார், காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் பழியைப் புல்லின்மேல் போட்டார். தன்மேல் கோபப்படட்டும், பயப்பட வேண்டாம் என்று நினைத்தாராம். அந்தச் சாக்கைத்தான் அம்மா தட்டோடு போய்ப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறாள்.

"ஆனா மனுஷன் சமாளிச்சுட்டார். கடைசி வரைக்கும் அந்தம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஒரு சந்தேகம்கூட வரலைனு சாவு வீட்ல என்கிட்ட அவரே சொன்னார்" என்றார் அப்பா.

எனக்குத் தெரிந்ததை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிந்திய திங்களன்று பள்ளியில் நான் ஒரு கதை சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் புல்லுக்காக அழுதார் என்று. நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தை மூடி, தோளைக் குலுக்கி நடித்துக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. என் கருத்த கையைப் பார்த்து விலகுகிற பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். அந்தச் சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்தேன். வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். வீட்டுக்காரம்மா ஜன்னல் ஓரம் பெல்லாவோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நடித்துக் காட்டினேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "உண்மையாகவே அழுதாரா, மேடிலே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எப்போது? நீங்கள் சொன்ன பிறகா? பெல்லா போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகா?" ஆமாம், ஆமாம் என்றேன். அவர் பெல்லாவின் காதைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நான் சரியாக நடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தோளை இன்னும் பலமாகக் குலுக்கி, முதலிலிருந்து மறுபடி நடித்துக் காட்டினேன்.